வில்லாளிக் குடும்பம் 🏹

அகிலா: மாமா, எனக்கு 70 மீட்டர் மைதானம் மட்டும்தான் பழக்கம். நாளைக்கு காட்டுல மேடு பள்ளத்துல நடந்து அம்பு விடற ஃபீல்டு கோர்ஸுக்கு, வில்லோட சைட்ல எந்தெந்த தூரத்துக்கு மார்க் போட்டு வச்சுக்கணும்?

ரவி மாமா: 10லருந்து 60 வரைக்கும் அஞ்சஞ்சு மீட்டருக்கு ஒண்ணு. உன்னோடது மாதிரி சைட் வச்ச ரிகர்வ் வில்லுன்னா சிவப்பு பெக்ல, அதாவது நிக்கிற இடத்தைக் காட்டற சிவப்புக் குச்சிகிட்ட நிப்ப. தூரம் எழுதின டார்கெட் 60 வரை போகும், எழுதாதது 55க்கு மேல போகாது.

கதிர்: சைட் இல்லாத பேர்போ வில்லுக்கு நீல பெக். தூரம் எழுதினது 50 வரை, எழுதாதது 45 வரை.

ரவி மாமா: 24 டார்கெட், ஒவ்வொண்ணுக்கும் 3 அம்பு. நாளைக்கு பாதி தூரம் எழுதினது, பாதி எழுதாதது. பழகு அம்பு கிடையாது. முதல் அம்பே கணக்குல சேரும். மைதானத்துல பழகினவங்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

அகிலா: எழுதாததுக்கு தூரம் எப்படிக் கண்டுபிடிக்க? ரேஞ்ச்ஃபைண்டர்?

ரவி மாமா: கூடாது. பைனாகுலர் வச்சுக்கலாம். முதல்ல ஃபேஸை, அதாவது டார்கெட்ல ஒட்டியிருக்கிற வளையத் தாளைப் பாரு. 12 குட்டி ஃபேஸ் இருந்தா ஒவ்வொண்ணும் 20 செ.மீ. அகலம், அப்போ 10-15 மீட்டர். நாலு இருந்தா 40 செ.மீ., 15-25. ஒத்தையா தொங்கினாத்தான் தலைவலி. 60 செ.மீ.ன்னா 20-35, 80ன்னா 35-55.

கதிர்: 40 மீட்டர்ல இருக்கிற 80உம், 30 மீட்டர்ல இருக்கிற 60உம் சைட் வளையத்துக்குள்ள ஒரே அளவாத்தான் தெரியும் அகி. 40ல இருக்கிறதை 30ன்னு நம்பி விட்டா அம்பு கிட்டத்தட்ட அரை மீட்டர் கீழ இறங்கி, ஃபேஸ்லயே படாது.

அகிலா: ஐயோ 😬 அப்போ எப்படிப் பிரிக்கிறது?

செல்வி அத்தை: தரையைப் பாருடி. பாதி வழியில ஒரு மரத்தைக் குறி வச்சுக்கோ. அதுவரைக்கும் அஞ்சு அஞ்சு மீட்டரா கண்ணால அளந்து ரெட்டிப்பாக்கு. நடுவுல பள்ளம் இருந்தா டார்கெட் கிட்ட இருக்கிற மாதிரி ஏமாத்தும். மரங்களுக்கு நடுவுல சந்து மாதிரி போனா, நிழல்ல இருந்தா, தூரமாத் தெரியும்.

அகிலா: சரிவுல?

ரவி மாமா: படுக்கைத் தூரத்துக்குத்தான் சைட் வைக்கணும். 50 மீட்டர், 30 டிகிரி இறக்கம்னா 43. 10 டிகிரின்னா 49தான் வரும், அதுக்கு ரொம்ப மண்டையை உடைச்சுக்க வேண்டாம். சமதளத்துல நிக்கிற மாதிரியே முழுசா இழுத்துட்டு, அப்புறம் இடுப்புல மடங்கு. கையை மட்டும் இறக்கினா இழுப்பு குறைஞ்சு போகும்.

கதிர்: பக்கவாட்டுச் சரிவும் மோசம். வில்லோட மேல் முனை எந்தப் பக்கம் சாயுதோ அம்பும் அந்தப் பக்கம்தான் போகும். ரிகர்வ்ல சாய்வைக் காட்டற லெவல் மாட்டக் கூடாது, அதனால நேரா வளர்ந்த மரத்தோட ஒப்பிட்டுப் பாரு.

அகிலா: முதல் அம்பு கீழ போனா உடனே சைட்டை மாத்தலாமா?

ரவி மாமா: ரிலீஸ், அதாவது நாணை விட்ட விதம், சுத்தமா இருந்தா மட்டும் மாத்து. கை பிசகினதுக்கு சைட்டைத் திருப்பினா அடுத்த ரெண்டும் போச்சு. நடு மஞ்சள் 6, வெளி மஞ்சள் 5, கறுப்பு 4லருந்து 1. மூணு அம்பும் 4 பாயிண்ட் வளையத்துலயே விழுந்தாக்கூட தூரம் தெரியாத டார்கெட்டுக்கு மோசமில்லை.

செல்வி அத்தை: அம்பு தேட டார்கெட்டுக்குப் பின்னாடி போனா, ஒருத்தர் முன்னாடியே நிக்கணும், இல்லேன்னா வில்லை டார்கெட்ல சாத்தி வைக்கணும். அடுத்த குரூப்புக்கு ஆள் இருக்கிறது தெரியணும்.