திருமலையை முப்பரிமாணத்தில் கூகிளுக்குக் கொடுக்கலாமா?

உவர்மலையான்:
நேற்று இரவு தூக்கம் வரவில்லை. கூகிள் ஏர்த்தில் பேர்லினுக்குள் போய் அலைந்தேன். ஒவ்வொரு கூரையின் சரிவும் தெரிகிறது, சந்துக்குள் இறங்கி நிற்கலாம். அப்படியே நம்ம திருகோணமலைக்கு வந்தால் சுவாமி மலை மட்டும் கொஞ்சம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. கோணேசர் கோயில் பாறையில் ஒட்டிய படம். பிரதான வீதிக் கடைகளெல்லாம் கல்லில் வழித்த தோசை மாதிரிக் கிடக்கின்றன.

பேர்லின் நகரம் 2007-இலேயே தன் முப்பரிமாண மாதிரியைக் கூகிள் ஏர்த்தில் ஏற்றிவிட்டது. பிறகு கூகிளே மற்ற உள்ளூராட்சிகளிடமும் "உங்களிடம் கட்டட மாதிரி இருந்தால் தாருங்கள், நாங்கள் போடுகிறோம்" என்று கேட்டு வாங்கியது. நம் சபையும் ட்ரோன் விட்டு அளந்து கொடுத்தால் என்ன? சுற்றுலாவுக்கு நல்லது, வடிகான் போடவும் உதவும். சபைக்கு ஒரு மகஜர் எழுதப் போகிறேன். யார் யார் கையெழுத்து வைக்கிறீர்கள்?

சோலைவரிக்காரன்:
கையெழுத்து வைக்க முதல் ஒரு கேள்வி. உங்கள் தெருவில் எத்தனை பேர் மேல்மாடிக்கு அனுமதி எடுத்துக் கட்டினார்கள்? எங்கள் ஒழுங்கையில் ஒருவர் மகளின் கலியாணத்துக்கு முன் மொட்டைமாடியில் தகரம் போட்டு ஓர் அறை எழுப்பினார். சபையின் கண்ணில் அது இன்னும் படவில்லை. மேலிருந்து அளந்தால் கூரை 3 மீட்டர் உயர்ந்திருப்பது தானாகவே மாட்டிவிடும். சோலைவரி வீட்டின் வருடாந்தப் பெறுமதியை வைத்துத்தான் போடப்படுகிறது. அறை கூடினால் பெறுமதி கூடும், பெறுமதி கூடினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேர்லின்காரன் எங்கள் கூரையை ரசிப்பதற்கு முன்னமே ஓவர்சியர் வாசலில் வந்து நிற்பார்.

அடுத்தது ட்ரோன். கோட்டைக்குள் இராணுவம், டொக்யார்டில் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை. இந்த ஊரில் கலியாண வீட்டுக்கு ட்ரோன் ஏற்றவே ஆயிரம் தரம் யோசிக்க வேண்டும். ஊர் முழுக்க அளக்க அனுமதி கேட்டுக் கடிதம் கொழும்பு வரை போய்த் திரும்புவதற்குள் உங்களுக்குப் பென்ஷன் வந்துவிடும்.

டொக்யார்ட் பொடியன்:
பாதுகாப்புக் கதை பழசு அண்ணா. செய்மதிப் படங்களிலிருந்தே கட்டட உயரங்களைக் கணித்து கூகிள் 2024-இல் வெளியிட்டுவிட்டது. தெற்காசியாவும் அதில் அடக்கம். 2016 தொடக்கம் 2023 வரை, வருடத்துக்கொரு படம், 4 மீட்டர்க் கட்டம். யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உங்கள் ஒழுங்கைத் தகர அறை ஒரு மங்கல் புள்ளியாக ஏற்கெனவே அங்கே இருக்கும்.

சோலைவரிக்காரன்:
மங்கல் புள்ளிக்கு வரி போட முடியாது தம்பி. சபை தானே அளந்து, தானே வெளியிட்டால் அது ஆவணம்.

அளவுச் சங்கிலி:
நில அளவையில் முப்பது வருடம் வெயில் குடித்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

உவர்மலையான், நீங்கள் சொல்வது பழைய ஏற்பாடு. அந்தக் காலத்தில் ஸ்கெச்சப் என்ற மென்பொருளில் ஆட்கள் கட்டடம் கட்டடமாகக் கையால் வரைந்து கொடுத்தார்கள். கூகிள் அதை 2006-இல் வாங்கி, 2012-இல் டிரிம்பிள் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அதே 2012-இல்தான் விமானத்தில் பறந்து எடுத்த படங்களைக் கணினி தானாகத் தைத்து நகரத்தை உருவாக்கும் முறைக்கு மாறினார்கள். அப்படித் தைத்த நகரங்களில், ஆட்கள் இரவிரவாக இருந்து வரைந்து கொடுத்த மாதிரிகளெல்லாம் எடுபட்டுப் போயின. யாரையும் குற்றம் சொல்லவில்லை. அது அவர்களுடைய கடை, தட்டில் எதை வைப்பது என்பது அவர்கள் விருப்பம்.

பேர்லின்காரர் சுதாரிப்பானவர்கள். கூகிளில் காட்சிக்கு வைத்ததோடு விடாமல், தங்கள் மாதிரியைச் சிட்டிஜிஎம்எல் என்ற பொது வடிவத்தில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி தங்கள் தளத்திலேயே வைத்தார்கள். நெதர்லாந்தில் ஏறத்தாழ ஒரு கோடிக் கட்டடங்கள், நாடு முழுவதும், அப்படித் திறந்து கிடக்கின்றன. கூகிள் ஏர்த்தில் இருப்பதைப் பார்க்கலாம், எடுத்து வேலை செய்ய முடியாது. வடிகான் போடுகிற பொறியியலாளருக்குப் படம் எதற்கு? அவருக்கு இலக்கம் வேண்டும்.

உவர்மலையான்:
ஐயா சொல்வது சரி. ஆனால் அரசாங்கத் தளத்தில் வைத்தால் யார் பார்ப்பார்கள்? போன மாதம் ஒரு அலுவலகத்தின் தளத்தில் ஒரேயொரு படிவத்துக்காக அரை நாள் சுற்றினேன். கடைசியில் முச்சக்கரவண்டி பிடித்து நேரே போய்த்தான் வாங்கினேன். கூகிளில் இருந்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

டொக்யார்ட் பொடியன்:
நடுவில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்று ஆட்களே சேர்ந்து வரைகிற திறந்த வரைபடம் ஒன்று இருக்கிறது. மாடி எண்ணிக்கையை நாமே நடந்து பார்த்துப் போடலாம். பெட்டி பெட்டியாக முப்பரிமாணத்திலும் தெரியும். சபை வேண்டாம், ட்ரோன் வேண்டாம், மகஜரும் வேண்டாம்.

கிண்ணியா ராத்தா:
எல்லாரும் கூரையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் தரையைப் பற்றி ஒன்று கேட்கட்டுமா?

2004 டிசம்பர் 26-இல் சுனாமித் தண்ணீர் நின்ற கோடு கிண்ணியாவில் எங்கள் பழைய வீட்டு உள்சுவரில் இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு மூன்று தரம் வெள்ளையடித்தாயிற்று. மூன்று தரமும் உம்மா அந்தச் சுவரைத் தொட விடவில்லை. பழுப்பு நிறம், விரல் அகலம், மூலையில் கொஞ்சம் கீழே சரிகிறது. போன கிழமை மகனை நாடாவைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். வாசற்படியிலிருந்து 1 மீட்டர் 40. சரி, அந்த வாசற்படி கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்? கைபேசிச் செயலி 7 மீட்டர் என்கிறது. அடுத்த வளவுத் தென்னந்தோப்புக்கு 11. இரண்டும் ஒரே மட்டத் தரை, நடுவில் ஒரு கிடுகு வேலிதான். அந்த 11-ஐ நம்பி யாராவது தோப்புக்குள் ஓடினால்?

அளவுச் சங்கிலி:
தங்கச்சி, நீங்கள் கேட்டதுதான் கேள்வி. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்தில் ராடார் வைத்து 11 நாள் பூமியை அளந்தார்கள். பல செயலிகள் இன்றும் காட்டுவது அந்த உயரத்தைத்தான், 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ராடார் தோப்புக்கு மேலே ஓலைக்குள்ளேயே பட்டுத் திரும்பிவிடும், தரை வரை முழுதாக இறங்காது. தோப்பு மேடாகத் தெரிவது அதனால்தான். தாழ்ந்த கரையோரத்துக்கு இது ஆபத்தான பிழை, ஏனென்றால் பெரும்பாலும் உயரத்தைக் கூட்டித்தான் காட்டும்.

விமானத்திலிருந்து லேசர் அடித்து அளந்தால் ஓலை இடுக்கால் தரையையும் தொடும். கூரையும் மரமும் சேர்ந்த மேற்பரப்பு ஒரு கோப்பு, அதெல்லாம் நீக்கிய வெறும் தரை இன்னொரு கோப்பு. ட்ரோன் படத்தை மட்டும் நம்பினால் மரத்துக்குக் கீழே குருடுதான்.

ஜப்பானில் பிளாட்டோ என்று ஒரு திட்டம். அந்நாட்டு நிலம், உட்கட்டமைப்பு அமைச்சு 2020-இல் தொடங்கியது. முதல் கட்டத்தில் 56 நகரங்கள், தரவு எல்லாம் திறந்தது. வெள்ளம் எவ்வளவு ஆழம் வரும் என்பதைக் கட்டட உயரத்தோடு சேர்த்துப் பார்த்தால் எந்த வீட்டின் எந்த மாடி தண்ணீருக்கு மேலே நிற்கும் என்று தெரியும்.

சோலைவரிக்காரன்:
வெறும் தரைக் கோப்பை மட்டும் தனியாக வெளியிட முடியும் என்கிறீர்களா ஐயா? அப்படியென்றால் எனக்குச் சண்டை இல்லை. தரைக்கு யாரும் வரி கூட்டப் போவதில்லை. கூரையை விட்டுவிடுங்கள்.

கிண்ணியா ராத்தா:
கூரையை முழுதாக விட முடியாது நானா. கடல் வரும்போது உவர்மலை உங்களுக்குப் பக்கம், எங்களுக்கு மலை எங்கே? ஓடி ஏற ஒரு மாடிதான் வேண்டும். சொல்லப்போனால் அனுமதி இல்லாத அந்தத் தகர அறைதான் ஒழுங்கையில் இருபது பேரைக் காப்பாற்றும்.

சோலைவரிக்காரன்:
அதை அந்த வீட்டுக்காரரிடம் சொன்னால் இன்னொரு அறை எழுப்புவார்.

பகிடி இருக்கட்டும். பள்ளிக்கூடம், பள்ளிவாசல், கோயில் மண்டபம், கச்சேரி, வைத்தியசாலை என்று பொதுக் கட்டடங்களின் உயரத்தைப் போடுங்கள். எத்தனை மாடி, படிக்கட்டு எந்தப் பக்கம், கேற்றுத் திறப்பு யாரிடம் என்பதோடு. தனியார் வீடுகள் வேண்டாம். போட்டே ஆகவேண்டும் என்றால் வீட்டுக்காரர் தானாகச் சொல்லட்டும்.

டொக்யார்ட் பொடியன்:
திறப்பு யாரிடம் என்பதை எந்த லேசரும் சொல்லாது அண்ணா, அதற்கு நடக்கத்தான் வேண்டும். ஞாயிறு காலை வடகரை வீதிப் பள்ளிக்கூடங்களில் தொடங்குகிறேன். துணைக்கு இரண்டு பேர் வந்தால் நல்லம்.

அளவுச் சங்கிலி:
முழங்கால் இடம் கொடுத்தால் வருகிறேன். வீதியோரத்தில் எங்கள் திணைக்களம் கடல் மட்டத்திலிருந்து உயரம் அளந்து நாட்டிய பழைய மட்டக்குறிக் கற்கள் கிடக்க வேண்டும். சிலதைப் புல் மூடியிருக்கும், சிலதைத் தார் மூடியிருக்கும். ஒன்று அகப்பட்டாலும் போதும், அதிலிருந்து லெவல் அடித்துப் பள்ளிக்கூடத்து வாசற்படியின் உயரத்தைச் சென்ரிமீட்டர்க் கணக்கில் சொல்லிவிடலாம். கிண்ணியாவுக்கும் அப்படியே. சுவரில் இருக்கும் அந்தத் தண்ணீர்க் கோடு மட்டும் அதுவரை அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி.

உவர்மலையான்:
மகஜரைத் திருத்திவிட்டேன். முதலாவது, கரையோரத்துத் தரை உயரத்தை லேசரால் அளந்து யாரும் இறக்கக்கூடியதாக வெளியிட வேண்டும். இரண்டாவது, பொதுக் கட்டடங்களின் உயரமும் மாடியும். கூகிளில் காட்டுவதை மூன்றாவதாகப் போட்டிருக்கிறேன். கோயிலாவது எழுந்து நிற்கட்டும், அதை எடுக்கச் சொல்லாதீர்கள். பெயர், விலாசம், கையெழுத்து மூன்றும் வேண்டும்.

சோலைவரிக்காரன்:
விலாசம் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைக்கலாமா?