மறு: பல படங்களை ஒன்றாக்குவதற்கு என்ன சொல்? ‘திரட்டல்’

வணக்கம்.

பிள்ளைகளுக்கான வான்படப் பாடத்தில், வானத்தின் ஒரே இடத்தைப் பலமுறை எடுத்த படங்களை ஒன்றாக்கும் ‘ஸ்ராக்கிங்’ (stacking) என்பதற்கு ‘அடுக்கல்’ போதும் என்று இங்கே அண்ணை ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. படம் திருத்தும் மென்பொருள்களில் ‘அடுக்கு’ ஏற்கெனவே லேயருக்குப் புழங்குகிறது. அங்கே ஒவ்வோர் அடுக்கும் தனியாகவே நிற்கும். வேண்டாததை உருவி எடுக்கலாம். நாங்கள் செய்வதோ எல்லாவற்றையும் ஒரே படமாக்குவது.

கிளிநொச்சிப் பக்கத்து முற்றத்தில் தொலைகாட்டி வைப்பவருக்கு இந்தச் சொல் இல்லாமல் வேலை ஓடாது. துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்துக்கு மேலே 9 பாகையளவில்தான் நிற்கிறது. பனையோ பாலை மரமோ மறைத்துவிடும். அதைப் பிடிக்காமல், தொலைகாட்டியை வானத்தோடு சேர்த்துச் சுழற்றும் தாங்கியின் அச்சைச் சரியாக நிறுத்துவது கடினம். அச்சு பிசகினால், நீண்ட நேரம் எடுக்கும் படத்தில் விண்மீன்கள் கோடாக இழுபடும். அதனால்தான் விருச்சிகம் என்ற தேளின் வால் நுனியருகே, மூல நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மெசியே 7 என்ற திறந்த விண்மீன் கொத்தை 20 செக்கன் படங்களாக நூற்றுக்கணக்கில் எடுக்கிறோம். அது உச்சத்துக்கு வரும் மாதங்களில் சோளகம் என்ற தென்மேல் காற்றும் வீசும். காற்று ஆட்டிய படங்களைக் கழித்துவிட்டு, மிச்சத்தை விண்மீனுக்கு மேல் விண்மீன் வரப் பொருத்திக் கூட்டுகிறோம். 100 படம் கூட்டினால் ஒளி 100 மடங்காகும். படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் எழுமாற்றான இரைச்சல் 10 மடங்குதான் ஆகும். தனிப்படத்தில் இரைச்சலோடு இரைச்சலாகக் கிடந்த மங்கல் மீன்கள் அப்போதுதான் தெளியும். ஒரே படத்தில் மட்டும் கீறிப்போன செய்மதித் தடத்தை மென்பொருளே விலக்கிவிடும்.

ஆக, நல்லதைப் பொறுக்குவதும் சேர்ப்பதும் சொல்லில் தெரியவேண்டும். அதற்குத் ‘திரட்டல்’ பொருந்துகிறது. “எத்தனை படம் திரட்டினீர்கள்?” என்று வாய்த்தடங்கல் இல்லாமல் கேட்கலாம். முடிவில் கிடைப்பது திரட்டுப்படம்.

இதற்கு வந்த மற்றச் சொற்களில் ‘சூடு வைத்தல்’ எனக்கு மிகவும் பிடித்த யோசனை. வெட்டிய நெற்கதிர்களைக் குவித்துச் சூடு வைப்பதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் கமராவின் உணரி சூடேறினால் இரைச்சல் கூடும் என்பதையும் அதே பாடத்தில் எழுதவேண்டுமே! இரண்டு சூடும் ஒரு பந்தியில் வந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். ‘மேற்பொருந்துகை’ பௌதிகத்தில் அலைகளுக்குப் போய்விட்டது. அலைகள் ஒன்றையொன்று அழிக்கவும் செய்யும்.

கமராவின் சொந்த இரைச்சலைக் கழிப்பதற்காக மூடி போட்டு எடுப்பது ‘இருட்படம்’, சரி. திரட்டுவதற்கு முந்திய படிக்கு ‘நேர்ப்படுத்தல்’ வேண்டுமா, ‘பொருத்தல்’ போதுமா? அச்சுப் பிசகால் படத்துக்குப் படம் சற்றே சுழன்றிருக்கும். அந்தச் சுழற்சியைத் திருத்துவதும் அடங்குவதால் நான் பொருத்தல் பக்கம்.