தாய்க்கும் சேய்க்கும் கேர் பிளான்: எந்த டயக்னோசிஸை முதலில் எழுதுவது?

மூன்றாமாண்டு_மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். பிஎஸ்சி நர்சிங் படிக்கிறேன், இப்போது பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில் போஸ்டிங், வெள்ளிக்கிழமை கேஸ் பிரசென்டேஷன், அதற்குக் கேர் பிளான் (நர்ஸ் எழுதும் பராமரிப்புத் திட்டம்) எழுத வேண்டும். என் கேஸ் 22 வயது அம்மா, தலைப்பிரசவம், சிசேரியன் ஆகி இரண்டாம் நாள். பெண் குழந்தை, 37 வாரம் முடிந்து பிறந்தது, எடை 2.3 கிலோ. இன்று காலை அக்குளில் வைத்துப் பார்த்தபோது 36.2 டிகிரி. வயிறு கதகதப்பாகத்தான் இருந்தது, பாதம் மட்டும் சில்லென்று இருந்தது. மார்பில் போட்டால் நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடுகிறாள். அம்மாவுக்குத் தையல் வலி பத்துக்கு ஏழு, ஒருக்களித்துப் படுக்கவே பயப்படுகிறார், வலது காம்பில் வெடிப்பு. பால் பத்தவில்லை என்று பாட்டி நேற்று ராத்திரி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

புத்தகத்தைப் பார்த்து அம்மாவுக்கு ஏழு, குழந்தைக்கு நாலு என்று பதினொரு டயக்னோசிஸ் (நர்ஸ் கவனிக்க வேண்டிய பிரச்சினைகள்) எழுதினேன். குழந்தைக்கு முதலில் ரிஸ்க் ஃபார் இன்ஃபெக்‌ஷன் (தொற்று வரும் ஆபத்து), அம்மாவுக்கு முதலில் அக்யூட் பெயின் (தீவிர வலி). மேடம் படித்துவிட்டு, "இன்றைக்கு இந்தக் கட்டிலில் எது முக்கியம்?" என்று கேட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எதை வைத்து வரிசை முடிவு செய்வது? இருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டுமா?

பச்சிளங்குழந்தை_நர்ஸ்:
தங்கச்சி, பதில் உன் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. 36.2, பாதம் சில்லென்று. இதுதான் முதல் டயக்னோசிஸ். பச்சிளங்குழந்தைக்கு அக்குளில் 36.5 முதல் 37.5 வரை இருக்க வேண்டும். வயிறு சூடாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது, இரண்டுமே குளிர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம் என்று அர்த்தம். பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்க அதற்குத் தெரியாது, உடம்பில் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடாகும், அதற்குச் சர்க்கரையும் ஆக்ஸிஜனும் செலவாகும். 2.3 கிலோ குழந்தையிடம் அந்தக் கையிருப்பு குறைவு. அதனால் சர்க்கரை இறங்கும், சோர்ந்து தூங்கும், பால் இழுக்காது, பால் போகாததால் இன்னும் குளிரும். நீ "தூங்கிவிடுகிறாள்" என்று எழுதியதை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

முதலில் எங்கே சூடு போகிறது என்று பார். மேலே ஃபேன் ஓடுகிறதா, முதுகுக்கு அடியில் துணி ஈரமா, தலையில் தொப்பி இருக்கிறதா. அப்புறம் தொப்பி, சாக்ஸ், நாப்கின் மட்டும் போட்டு அம்மாவின் வெறும் மார்பில் படுக்க வைத்து மேலே போர்த்து. பிறந்த எடை இரண்டரை கிலோவுக்குக் கீழே என்றால் இப்படி மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பைத் தினமும் 8 முதல் 24 மணி நேரம் வரை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், ஆகவே அரை மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துவிடாதே. அரை மணிக்கு ஒருமுறை வெப்பநிலை பார். ஒரு மணி நேரத்தில் ஏறவில்லை என்றாலோ குழந்தை துவண்டாலோ டாக்டரிடம் சொல்லிவிடு, தொற்று இருந்தாலும் பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சலுக்குப் பதிலாக உடம்பு குளிர்ந்து போகலாம். ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டுமா என்றும் அப்போதே கேள்.

பாடம்_எடுப்பவர்:
சிஸ்டர் சொன்ன வரிசை சரி. எழுதும் விதத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். "ரிலேட்டட் டு" (இதன் காரணமாக) என்ற இடத்தில் மாணவிகள் நோயின் பெயரை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அங்கே நர்ஸ் கை வைத்து மாற்றக்கூடிய காரணம் வர வேண்டும், ஏனென்றால் இன்டர்வென்ஷன் (நர்ஸ் செய்யும் நடவடிக்கை) அந்தக் காரணத்துக்குத்தான். உன் குழந்தைக்கு இப்படி எழுதலாம்: நியோநேட்டல் ஹைப்போதெர்மியா (பச்சிளங்குழந்தையின் உடம்பு குளிர்ந்து போவது), ரிலேட்டட் டு குறைந்த எடை, போதாத தாய்ப்பால், போர்த்தாமல் விட்டது; ஆஸ் எவிடென்ஸ்டு பை (இதற்கு ஆதாரம்) அக்குளில் 36.2, குளிர்ந்த பாதம். எடையை உன்னால் மாற்ற முடியாது. மற்ற இரண்டையும் மாற்றலாம், இன்டர்வென்ஷன் எல்லாம் அந்த இரண்டிலிருந்து பிறக்கும். "ஒரு மணி நேரத்தில் 36.5-க்கு வர வேண்டும்" என்று இலக்கு எழுதினால் மாலையில் மதிப்பீடு எழுதத் திணற வேண்டாம்.

ரிஸ்க் என்று தொடங்கும் டயக்னோசிஸுக்கு எவிடென்ஸ் கிடையாது, ஆபத்துக் காரணி மட்டும்தான். பொதுவாக இருக்கிற பிரச்சினைக்குப் பிறகுதான் ரிஸ்க் வரும். அம்மாவின் ரத்தப்போக்கு விஷயத்தில் மட்டும் நான் இந்த விதியைத் தளர்த்துவேன். கருப்பை கல் மாதிரி இறுகியிருக்கிறதா, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைகிறதா என்று பார்க்காமல் வலியைப் பற்றி எழுத உட்காராதே. இருவருக்கும் தனித்தனியாக எழுது, மொத்தம் ஐந்தாறு போதும்.

வார்டு_சிஸ்டர்:
குளிர் முதலில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மாவின் வலியைக் கீழே தள்ளாதீர்கள். வலி ஏழு இருக்கும் பெண்ணிடம் குழந்தையைக் கொடுத்து மார்பில் போட்டுக்கொள் என்றால் எப்படிப் போடுவாள்? தையலில் குழந்தையின் கால் படும் என்று பயந்து தள்ளிப் பிடிப்பாள், குழந்தை காம்பை மட்டும் கவ்வும், காம்பு வெடிக்கும். உன் கேஸில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும். டாக்டர் எழுதிய வலி மருந்து எத்தனை மணிக்குப் போனது என்று சார்ட்டில் பார், அது வேலை செய்யும் நேரத்தில் பால் கொடுக்க வை. குழந்தையின் உடம்பைக் கக்கத்துக்கு அடியில், கால் பின்பக்கம் போகும்படி பிடிக்கச் சொன்னால் தையலில் எதுவும் படாது. வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, தாடை மார்பில் படிந்தால் பிடிப்பு சரி. அப்படியும் இழுக்கவில்லை என்றால் கையால் பீச்சிச் சீம்பாலைச் சங்கில் புகட்டு. 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறையாவது போக வேண்டும்.

பாட்டியை விரட்டாதே, அம்மா. நாலெட்ஜ் டெஃபிசிட் (விவரம் தெரியாமை) என்று எழுதி "சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று கூறப்பட்டது" என்று முடிப்பதில் பயனில்லை. குழந்தை பசியில் அழுகிறதே என்ற கவலையில் செய்தது அது. இரண்டாம் நாள் குழந்தையின் வயிறு சின்னது, சீம்பால் கொஞ்சம்தான் வரும், அதுவே அதற்குப் போதும், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் மார்பில் இழுப்பது குறைந்து பாலும் குறையும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல். அப்புறம் பாட்டிக்கு ஒரு வேலை கொடு: ஈரத்துணி மாற்றுவது, தொப்பி கழன்றால் மாட்டுவது, எத்தனை முறை சிறுநீர் போகிறது என்று எண்ணுவது.

மூன்றாமாண்டு_மாணவி:
மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. மதியம் மறுபடி போய்ப் பார்த்தேன். முதுகுக்கு அடியில் மடித்துப் போட்ட புடவைத் துணி நனைந்திருந்தது, நான் காலையில் அதைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. வார்டு சிஸ்டரிடம் சொன்னதும் வலி மருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கொடுத்துவிட்டு, குழந்தையை அம்மா மார்பில் வைத்துக் கட்ட எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து 36.6. கக்கத்தில் பிடித்துப் பன்னிரண்டு நிமிடம் இழுத்துக் குடித்தாள். வலி நாலு என்றார் அம்மா.

பதினொன்றை ஐந்தாகக் குறைத்துவிட்டேன். குழந்தைக்கு ஹைப்போதெர்மியா, தொற்று ரிஸ்க். அம்மாவுக்கு ரத்தப்போக்கு ரிஸ்க், வலி, இன்எஃபெக்டிவ் பிரெஸ்ட்ஃபீடிங் (தாய்ப்பால் சரியாகக் கொடுக்க முடியாமை). பாட்டி சிறுநீர்க் கணக்கை மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார், இதுவரை இரண்டு கோடு.

பச்சிளங்குழந்தை_நர்ஸ்:
நல்லது தங்கச்சி. ராத்திரி ஷிஃப்டுக்கு ஒப்படைக்கும்போது அந்த 36.2-ஐயும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போ. 36.6 என்று மட்டும் சொன்னால் மறுபடி ஃபேனைப் போட்டுவிடுவார்கள்.