சுவருக்குள் உடையும் குழாய் யார் பொறுப்பு?

மஞ்சக்குப்பம் வாடகைதாரர்:
கடலூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில், சென்ற மாதம் குளியலறைச் சுவரின் பெயின்ட் கொப்பளித்துக்கொண்டு வந்தது. பிளம்பர் வந்து சுவரைக் கொத்தியபோது, உள்ளே இருந்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் எல்போ, அதாவது வளைவு இணைப்பு, துருவேறி, விரல் பட்டாலே செதில் செதிலாக உதிர்ந்தது. செலவு 4,800 ரூபாய். வீட்டு உரிமையாளரோ, தண்ணீரைப் புழங்குவது நீங்கள்தான், ஆகவே செலவும் உங்களுடையதே என்கிறார். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தத் தமிழ்நாடு 2017இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவதை உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

புதுப்பாளையம் வீட்டு உரிமையாளர்:
அதே அட்டவணையின் அடுத்த பகுதியையும் படியுங்கள், அம்மா. வாஷர், குழாய்த் திருகு மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, கழிப்பறை, வாஷ்பேசின் பழுதுகள் ஆகியவை வாடகைதாரரைச் சேர்ந்தவை. என் வீட்டில் குடியிருந்தவர்கள், சமையலறைத் தொட்டியின் அடியில் சொட்டிய நீருக்கு மூன்று மாதம் வாளி வைத்தே காலத்தை ஓட்டினார்கள். ஒரு வாஷரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, கீழிருந்த மர அலமாரி முழுவதும் ஊறி இற்றுப்போன பிறகுதான் என் காதுக்கு வந்தது. ஓய்வூதியத்தில் வாழும் எனக்கு அது சிறிய தொகை அன்று. சுவருக்குள் இருப்பதெல்லாம் உரிமையாளருடையது என்றால், துண்டு மாட்டும் கம்பிக்காகத் துளை போட்டுக் குழாயை உடைத்தவருக்குப் பொறுப்பே கிடையாதா?

வண்டிப்பாளையம் பிளம்பர்:
உடைந்த துண்டைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும், ஐயா. துளைக்கருவி பட்ட இடத்தில் ஓட்டை வட்டமாக, வெளியிலிருந்து உள்நோக்கி இருக்கும். துருவோ உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். குழாயின் வாய் பாதி அடைத்திருக்கும். தேவனாம்பட்டினம் பக்கம் உப்பேறிய போர் தண்ணீர் ஓடும் பழைய ஜி.ஐ. குழாய்களைக் கழற்றும்போது இதை அடிக்கடி பார்க்கிறேன். அதற்குக் குடியிருப்பவர் என்ன செய்ய முடியும்? சுவரைப் பூசுவதற்கு முன் இரு தரப்பும் வந்து பார்த்துவிடுவதே முறை.

புதுப்பாளையம் வீட்டு உரிமையாளர்:
துருதான் காரணம் என்றால் செலவு உரிமையாளருடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருக்குச் சொல்லாமலே வேலையை முடித்துவிட்டு, வாடகையில் கழிப்பது சரியாகாது. உரிமையாளர் பழுதுபார்க்க மறுத்தால்தான் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

புதுச்சேரி வாசகர்:
எங்கள் ஊர் நண்பர்கள் கவனிக்க: இது தமிழ்நாட்டுச் சட்டம்; இங்கே பொருந்தாது.

மஞ்சக்குப்பம் வாடகைதாரர்:
சொல்லாமல் செய்யவில்லை, ஐயா. கொப்பளம் தெரிந்த அன்றே தொலைபேசியில் சொன்னோம், இரண்டு வாரம் காத்திருந்தோம், மின்விளக்குச் சுவிட்ச் வரை ஈரம் ஏறிய பிறகே பிளம்பரை அழைத்தோம். எழுத்தில் தராதது எங்கள் பிழைதான். வாட்ஸ்அப்பில் படத்தோடு ஒரு வரி அனுப்பியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது. அந்த எல்போவைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறேன். 5ஆம் தேதி வாடகை கொடுக்கப் போகும்போது, பிளம்பரின் ரசீதையும் சேர்த்து எங்கள் வீட்டு உரிமையாளர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கிறேன்.