45 கிலோ, இரண்டு சிவப்பு விளக்கு: வயதான பிறகு பளு தூக்கக் கற்றவர்கள் எழுதுங்கள்

பச்சை வட்டு

மூன்று வருடம் ஆகிவிட்டது. அந்த ஐந்து நிமிடம் இன்னும் மண்டையை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வயது 54. ஐம்பதில் ஆரம்பித்தேன். ஏன் ஆரம்பித்தேன், வீட்டில் என்ன சொன்னார்கள், டாக்டர் எப்படி முறைத்தார் என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் நடந்ததுதான், விட்டுவிடுகிறேன். ஒரு வருடம் ஆனதும் கோச், "சும்மா பேரைக் குடுங்க சார், மேடை எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்றார். மாவட்டப் போட்டி. வயதானவர்களுக்கான மாஸ்டர்ஸ் பிரிவுக்கு ஆள் குறைவு என்று இருபது வயதுப் பையன்களோடு சேர்த்துவிட்டார்கள்.

ஸ்னாட்சில், அதாவது ராடைத் தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோய் உட்கார்ந்து வாங்கி எழுவதில், நான் எழுதிக் கொடுத்த தொடக்க எடை 45. இருபது கிலோ ராடு, பக்கத்துக்கு ஒரு பச்சை வட்டு, இரண்டு பூட்டு, அவ்வளவுதான். எனக்கு அடுத்தவன் 70. இதற்கு என்ன அர்த்தம் என்று மேடைக்குப் போகும்வரை எனக்கு உறைக்கவில்லை. போட்டியில் ராடில் எடை ஏறும், இறங்காது. ஆக முதலில் போவது நான். விட்டுவிட்டால் அடுத்ததும் நான். அதையும் விட்டால் மறுபடி நானே. தனக்குப் பின்னால் தானே வருகிறவனுக்கு ஒரு நிமிடத்துக்குப் பதில் இரண்டு நிமிடம் தருவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஒரு ஹால் முழுக்க வேறு வேலை இல்லாமல் உங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு நிமிடம் அது.

முதல் தடவை ராடு முன்னால் விழுந்தது. இரண்டாவது பின்னால். மூன்றாவது மேலே போய் நின்றுவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை. எழுந்து நின்றேன். வார்ம் அப் அறை வாசலில் நின்ற பையன்கள் கை தட்டினார்கள், ஒருவன் விசிலே அடித்தான். நான் ஈயென்று சிரித்துக்கொண்டு நிற்கிறேன். இறக்கச் சொல்லிச் சைகை வந்தது, இறக்கினேன். நிமிர்ந்து நடுவர் விளக்கைப் பார்த்தால் வெள்ளை ஒன்று, சிவப்பு இரண்டு. மூன்று நடுவரில் இரண்டு பேர் செல்லாது என்றுவிட்டார்கள்.

இடது முழங்கை முழுதாக நீளவில்லையாம். ஏழாம் வகுப்பில் புளியமரத்திலிருந்து விழுந்ததிலிருந்து அது நீள்வதே கிடையாது, எனக்குச் சட்டை தைக்கிற டெய்லருக்குக்கூடத் தெரியும். கை நீளாதவர்கள் போட்டி தொடங்கும் முன்பே நடுவர்களிடம் காட்டிச் சொல்லிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. எனக்கு அது அப்புறம்தான் தெரிந்தது. தப்பு என்னுடையது, நடுவர்கள் மேல் ஒன்றும் இல்லை.

என்னை அரிப்பது அந்தச் சிரிப்பு. கைதட்டல் பாதியில் நின்ற விதம். வட்டு மாட்டுகிற பையன் உடனே வந்து பச்சை வட்டைக் கழற்றிக் காலால் ஓரமாக உருட்டிவிட்டு நீலத்தை மாட்டினான். அவன் வேலையை அவன் செய்தான். ஆனால் அந்த வட்டு உருண்ட சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

பயிற்சியை விடவில்லை. இப்போது 52 தூக்குகிறேன். போட்டிக்குப் பேர் கொடுக்கத்தான் கை வரவில்லை. யாருக்காவது இந்த மாதிரி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

கணக்கு டீச்சர்

சார், எனக்கு 47. நான்கு மாதம் வெறும் பிளாஸ்டிக் பைப்பை வைத்துப் பழகியவள். பெண்களுக்கான 15 கிலோ ராடைத் தொட்ட அன்று வீட்டில் பாயசம் வைத்தேன், நிஜமாகவே.

மாலையில் நான் போகிற ஹாலில் பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகம். அதில் என் வகுப்புப் பெண் ஒருத்தி, எட்டாவது. கணக்கில் அவளுக்கும் எனக்கும் தினமும் சண்டை. ஆனால் ஸ்னாட்ச் தூக்கினால் அப்படி ஒரு சுத்தம்.

எனக்குப் பயம் ராடு பின்னால் போவது. போனால் விட வேண்டும் என்று தெரியும், விரல் விடாது. ஹூக் கிரிப்பில் கட்டைவிரலை வேறு உள்ளே பூட்டி வைத்திருக்கிறோமா, பிடித்துக்கொண்டே இருப்பேன், தோள் முறுக்கும். ஒரு நாள் இரண்டு முறை அப்படி ஆனது. அவள் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்று, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "மிஸ், பின்னாடி போச்சுன்னா விட்ருங்க மிஸ். பின்னாடி யாரும் நிக்கல."

அடுத்த தடவை விட்டேன். தொம்மென்று விழுந்தது. நான் முன்னால் ஒரு குதி குதித்தேன். ஒன்றும் ஆகவில்லை! இத்தனை மாதமாக நான் காப்பாற்றி வைத்திருந்தது எதை என்றே தெரியவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது இதை அல்ல. மறுநாள் பின்னக் கணக்குத் தேர்வுத்தாள் கொடுக்கிற நாள். அவளுக்கு 20-க்கு 4. வழக்கமாக அடியில் "முயற்சி போதாது" என்று எழுதுவேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் இனிஷியல் மட்டும் போட்டுக் கொடுத்தேன். அவள் வாங்கும்போது என்னைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் ஹாலுக்கும் வரவில்லை. அப்புறம் வந்தாள், அது வேறு விஷயம். அந்த ஒரு நாள்தான் உறுத்துகிறது.

பச்சை வட்டு சாருக்கு ஒன்று. எங்கள் ஹால் சுவரில் மீராபாய் சானு படம் இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் (ராடை முதலில் தோளுக்கு வாங்கி, பிறகு தலைக்கு மேல் தூக்குவது) மூன்று வாய்ப்பும் போய், மொத்தக் கணக்கே இல்லாமல் திரும்பியவர். டோக்கியோவில் ஸ்னாட்ச் 87-உம் ஜெர்க் 115-உம் தூக்கி மொத்தம் 202-க்கு வெள்ளி. மனசை விடாதீர்கள்.

டெட்லிஃப்ட் தாசன்

என் அனுபவம் சின்னது. 49 வயதில் கிளீன் பழகும்போது ராடைத் தோளில் வாங்கினேன், அது கழுத்தை அழுத்தியது, நான் மூச்சையும் பிடித்திருந்தேன். கண் இருட்டியது. அடுத்து எனக்குத் தெரிந்தது மேலே சுற்றுகிற ஃபேன். யாரோ காலைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அன்றோடு ராடைத் தலைக்கு மேல் கொண்டுபோவதை விட்டேன்.

இப்போது சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். ஐம்பதுக்கு மேல் ஸ்னாட்ச் கற்பது வம்பை விலைக்கு வாங்குவது. கணுக்கால், இடுப்பு, முதுகு, தோள் நான்கும் ஒரே நொடியில் ஒத்துழைக்க வேண்டும். இருபது வயதில் ஒத்துழைக்கும். நமக்கு ஒன்று வந்தால் ஒன்று வராது. பவர்லிஃப்டிங்குக்கு வாருங்கள். ராடைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், படுத்துக்கொண்டு தள்ளும் பெஞ்ச், தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட், மூன்றே மூன்று. மாஸ்டர்ஸ் பிரிவு 40-இல் தொடங்குகிறது. 50, 60, 70 தாண்டியவர்களுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. எண் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். உற்சாகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் அங்கிருந்துதான். ஸ்னாட்சில் ஒரு வருடம் முக்கினாலும் ஐந்து கிலோ ஏறாது, ஆள் எப்படி நிலைப்பான்?

எதைத் தூக்கினாலும் சரி, இதையும் கேளுங்கள். தசை சீக்கிரம் பலப்படும், தசைநாண் மெதுவாகத்தான் வரும். உடம்பு "இன்னும் போடு" என்று சொல்கிற மாதம்தான் முழங்கை பிடித்துக்கொள்ளும் மாதம். அரை கிலோ, ஒரு கிலோ வட்டு சொந்தமாக வாங்கி வையுங்கள், ஜிம்மில் இருக்காது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூச்சைப் பிடித்துத் தூக்குவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள், அந்த நேரத்தில் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். ஒரு நாள் கனமாகத் தூக்கினால் மறுநாள் லேசாக. காலையில் இட்லி மட்டும் போதாது, முட்டையோ சுண்டலோ சேருங்கள். தூக்கம் ரொம்ப முக்கியம். ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள்: தேதி, எடை, எத்தனை தடவை, அன்று வலி எங்கே. வலி ஒரே இடத்தில் மூன்று முறை வந்தால் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். டீச்சரம்மா, தோள் முறுக்கியது என்று சாதாரணமாகச் சொல்கிறீர்கள், அது சாதாரணம் இல்லை.

பாலாற்றங்கரை

தாசன் தம்பி, கேட்டது ஒன்று, நீங்கள் கொடுத்தது மருந்துச் சீட்டு.

நான் வேலூர்க்காரன், வயது 63. குத்துக்காலிட்டு உட்கார முடியாதவன் ஸ்னாட்சுக்கு வராதே என்றால் சரி. ஆனால் எங்கள் தெரு டீக்கடை வாசலில் காலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள். எழுபது வயதுக்காரர்கள் குத்துக்காலிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். மற்ற நாட்டுக்காரன் வருடக்கணக்கில் பழகுகிற உட்காரல் நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. அது போய்விட்டதா, அப்போதும் பரவாயில்லை. ஸ்னாட்சில் முழுக்க உட்கார வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. லேசாக முட்டி மடக்கி வாங்கினாலும் வெள்ளை விளக்குதான்.

என் கதை வேறு. நான் புதிதாகக் கற்றவன் இல்லை, முப்பது வருடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவன். என் வாத்தியார் காலத்தில் பிரஸ் என்று, தோளிலிருந்து கை பலத்தில் மேலே தள்ளுகிற மூன்றாவது ஒன்று போட்டியில் இருந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகும் அவர் எங்களை அதைத் தூக்க வைத்துக்கொண்டிருந்தார். அது கிடக்கட்டும்.

ரிட்டயர் ஆனதும் திரும்பப் போனேன். ஆறு மாதம் நன்றாகவே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரன் பரணில் ஏதோ தேடப் போய் ஒரு நோட்டை எடுத்து வந்தான். 1984. பென்சிலில் என் கையெழுத்து. அப்போது நான் 67.5 கிலோ பிரிவு. ஸ்னாட்ச் 85, ஜெர்க் 110 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு. பேரன் வாசித்துவிட்டு, "தாத்தா, இப்போ எவ்வளவு?" என்றான். 40 என்று சொல்ல வாய் வரவில்லை. "அதே அளவுதான்" என்று சொல்லிவிட்டேன்.

பேரனிடம் பொய் சொன்னேன் பாருங்கள், அதுதான். அப்புறம் இரண்டு வாரம் நான் ஜிம் பக்கமே போகவில்லை. புதிதாகக் கற்கிற உங்களுக்கு அந்த நோட்டு கிடையாது. தூக்கியதெல்லாம் லாபம். எனக்கு ராடைத் தொட்டாலே எதிரில் ஒரு இருபத்திரண்டு வயதுப் பையன் நின்று பார்க்கிறான்.

திரும்பப் போக வைத்தது என்ன என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்னாட்ச் 149, ஜெர்க் 179 தூக்கி மொத்தம் 328, தங்கம். நான்கு வருடம் கழித்து கோல்டு கோஸ்டில் தொடைக் காயத்தோடு போய் 144, 173. மொத்தம் 317. பதினொரு கிலோ குறைவு, தங்கம் அதே தங்கம். டீக்கடையில் ஒருத்தர் இதைச் சொல்லி, "பையன் இறங்கிட்டான்" என்றார். எனக்கு வந்ததே கோபம். அவரோடு அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, அந்தச் சூட்டிலேயே ஜிம்முக்குப் போய்விட்டேன். இன்னும் போகிறேன். பேரனிடம் உண்மையை இன்னும் சொல்லவில்லை.

மூணாவது மாடி

நான் மொட்டை மாடியில் பழகுகிறவன், 45 வயது. ஒரு நாள் வட்டு கை நழுவி விழுந்தது. கீழ்வீட்டு அம்மா ஓடி வந்து, "யாராவது விழுந்துட்டீங்களா?" என்றார். வட்டு விழுந்தது என்றேன். "அதைக் கேக்கல, உங்களைக் கேட்டேன்" என்றார். அன்று வரை சத்தத்துக்காகத்தான் திட்ட வருவார் என்று அவரைப் பார்த்தாலே லிஃப்டைத் தவிர்த்துப் படியில் ஓடுவேன். இப்போதும் படியில்தான் போகிறேன், வெட்கமாக இருக்கிறது.

பழைய டயர் ரப்பரை இரண்டு அடுக்காக விரித்தால் சத்தம் பாதியாகும். யாரும் கேட்கவில்லை, தெரியும்.

டெட்லிஃப்ட் தாசன்

பெரியவருக்கு: நான் யாரையும் வராதே என்று சொல்லவில்லை. மயங்கி விழுந்தவனுக்குத்தான் அந்த ஃபேன் தெரியும். ஒரு விஷயம் எழுதாமல் விட்டேன். கிளீனை விட்டது பயத்தில்தான். டெட்லிஃப்ட் பிடித்துப் போனது அதற்கு அப்புறம்.

பச்சை வட்டு

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், மீராபாய் உதாரணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஹாலில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ரியோவில் அவருக்கு 22கூட முடியவில்லை. எனக்கு 54. எனக்கு டோக்கியோ வராது, அடுத்த மாதம் மறுபடி மாவட்டப் போட்டிதான் வரும், அதே ஹால், அநேகமாக அதே வட்டுப் பையன். உங்கள் பின்னக் கணக்குத் தாள்தான் எனக்கு மனதில் நின்றது.

தாசன் சார், நீங்கள் சொன்னபடி இன்று ஸ்குவாட் போட்டுப் பார்த்தேன். எண் ஏறுகிறது, சரிதான். ஆனால் ராடு தலைக்கு மேல் போய் நிற்கிற அந்த ஒரு நொடி, கையில் எடையே இல்லாத மாதிரி இருக்குமே, அது அதில் இல்லை.

பேர் கொடுப்பதற்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஃபாரம் வாங்கி வைத்திருக்கிறேன். தொடக்க எடைக் கட்டம் காலி. 52 தூக்குகிறவன் 45 என்று எழுதினால் மறுபடி முதலில் போக வேண்டும். 50 எழுதினாலும் முதலில்தான் போக வேண்டும், யோசித்துப் பார்த்தால்.

பாலாற்றங்கரை

45 எழுதுங்கள். முதல் தூக்கு உறுதியாக வர வேண்டும், மற்றது அப்புறம்.

முழங்கையை ஒரு நடுவரிடம் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். மூன்று பேரிடமும் தனித்தனியாக, சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டுங்கள்.

கணக்கு டீச்சர்

சார், அந்த ஃபாரத்தில் பெண்கள் மாஸ்டர்ஸ் இருக்கிறதா? கேட்டு வைக்கிறேன், வேறொன்றும் இல்லை. ஹீல் வைத்த லிஃப்டிங் ஷூ நான்காம் நம்பர் எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.