50 எம்எம் லென்ஸ் ஒரு ஷாட் ஷார்ப், அடுத்த ஷாட் மொத்தமா அவுட்... என்ன பண்றதுன்னே தெரியல, உதவுங்க

முகூர்த்தகேமரா:
அண்ணன்மாருக்கு வணக்கம். விருதுநகர் பக்கம் கல்யாண வேலைக்கு ரெண்டாவது கேமராவா போறேன். பழைய ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர், கூட செகண்ட் ஹேண்ட்ல எடுத்த 50 எம்எம் 1.4 லென்ஸ் (1.4ங்கிறது லென்ஸ் வாய் எவ்ளோ திறக்கும்ங்கிற அளவு, எண் சின்னதா இருந்தா திறப்பு பெருசு). எந்த கம்பெனின்னு சொல்லல, சொன்னா பேச்சு அங்கயே போயிடும். மூணு மாசமா இதே ரோதனை. கண்ணுல ஃபோகஸ் புள்ளி வெச்சு அழுத்துறேன், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணிப் பாத்தா மாலைல இருக்குற சம்பங்கி ஒவ்வொரு இதழா எண்ணலாம், மூஞ்சி மட்டும் பால் ஊத்துன மாதிரி இருக்கு. எல்லா படமும் இப்படி இருந்தாலாச்சும் பரவால்ல, பத்துல அஞ்சாறு அருமையா வருது மிச்சம் போச்சு. போன முகூர்த்தத்துல தாலி கட்டி முடிச்ச உடனே பொண்ணு நிமிந்து பாத்துச்சு பாருங்க, அந்த ஒரு ஷாட், அவுட். மெயின் கேமரா அண்ணன் திட்டல, பேசாம இருந்தாரு, அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

கேமரா மெனுல ஃபோகஸ முன்ன பின்ன தள்ளுற மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் +8 வெச்சுப் பாத்தேன், இப்ப முன்னாடி நல்லா வந்ததெல்லாம் காதுல போய் ஃபோகஸ் ஆகுது. லென்ஸ் போச்சா, கேமரா போச்சா?

பறவைப்பய:
ப்ரோ மிரர்லெஸ்க்கு (உள்ள கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) மாறுங்க, தானா கண்ண தேடிப் புடிக்கிற ஐ ஆட்டோஃபோகஸ் இருக்கு, இந்த பிரச்சனையே வராது.

முகூர்த்தகேமரா:
காசு நீங்க குடுத்தா நாளைக்கே மாறிடுறேன் ப்ரோ 😄

ஓரக்கண்:
முதல்ல +8 எடுத்து 0ல வைங்க. மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் எல்லா ஷாட்டையும் ஒரே அளவு தள்ளும், அவ்ளோதான் அதோட வேலை. எப்பவுமே முன்னாடியே விழுதுன்னா அது மருந்து. உங்களுக்கு ஒரு தடவ சரி ஒரு தடவ தப்பு, அப்ப தப்பு சரியாகும்போது சரி தப்பாகும். அதான் காதுக்குப் போயிருக்கு.

அப்புறம் சில கேள்வி. நடு புள்ளில ஃபோகஸ் புடிச்சுட்டு அப்புறம் கேமராவ திருப்பி ஃப்ரேம் வெக்கிறீங்களா? ஒன்றரை மீட்டர் தூரத்துல 1.4ல எடுத்தா ஷார்ப்பா இருக்குற ஆழம் மொத்தமே ஏழு எட்டு சென்டிமீட்டர்தான், அதுல மூக்குல இருந்து காது வரைக்கும் கூட முழுசா அடங்காது, திருப்புனாலே ஃபோகஸ் நகந்துடும். ஃபோகஸ் மோட் ஒன் ஷாட்டா (ஒரு தடவ புடிச்சு நிக்கிறது), கன்டினியூஸா (ஆளு நகர நகர கூடவே போறது)? முன்னாடி சீப்பான யுவி ஃபில்டர் ஏதும் மாட்டிருக்கா? லென்ஸும் கேமராவும் சேர்ற எடத்துல இருக்குற உலோகப் புள்ளிங்க, அந்த கான்டாக்ட் துடைச்சீங்களா?

முகூர்த்தகேமரா:
திருப்புறது இல்ல, ஓரத்துப் புள்ளிய தேர்ந்தெடுத்துதான் எடுப்பேன், சில நேரம் நடு புள்ளி. ஃபில்டர் கழட்டியாச்சு. கான்டாக்ட்ட பென்சில் ரப்பரால லேசா தேச்சுட்டு துணியால துடைச்சேன். மண்டபத்துல எப்பவும் கன்டினியூஸ்தான், ஆளுங்க ஆடிட்டே இருப்பாங்கல்ல.

ஓரக்கண்:
ரப்பர் வேணாங்க, முலாம் தேஞ்சிடும், துகள் உள்ள போகும். காய்ஞ்ச மைக்ரோஃபைபர் துணி போதும்.

கன்டினியூஸ்ல ஒரு விஷயம் இருக்கு. நெறைய பாடில அதுல ஷட்டருக்குத்தான் முன்னுரிமை, ஃபோகஸ் வந்து சேந்துச்சா இல்லையான்னு காத்திருக்காம நீங்க அழுத்துன உடனே அடிச்சிடும். அதனால லென்ஸ் எங்கயாச்சும் தயங்குனா கூட உங்களுக்குத் தெரியாது. ஓரத்துப் புள்ளியும் பழைய பாடில நடு புள்ளி அளவுக்கு நம்ப முடியாது. பிரம்ம முகூர்த்தத்துல, வீடியோக்காரங்க எல்ஈடி லைட்டு கூட அந்தப் பக்கம் திரும்பி இருக்குறப்போ, ஹோமப் புகை வேற, ஃபோகஸுக்கு புடிக்க தெளிவான கோடே கிடைக்காது.

டார்க்ரூம்தாத்தா:
தம்பி, இவங்க சொல்றது எல்லாம் சரிதான், ஆனா மண்டபத்த விட்டு வெளிய வந்து வீட்ல உக்காந்து பாக்கணும். இருட்டு புகை ஆளு அசையறது எல்லாம் சேந்து கெடந்தா எது குத்தவாளின்னு எப்படி கண்டுபுடிப்ப.

பகல் வெளிச்சத்துல சுவத்துல தினசரி காலண்டர் தொங்கும்ல, அந்த பெரிய தேதி நம்பர் நல்ல கறுப்பு வெள்ளை, அதான் குறி. பக்கத்துல ஒரு மரஸ்கேல சாச்சு வை, பாதி காலண்டருக்கு முன்னாடி பாதி பின்னாடி இருக்குற மாதிரி. கேமரா ட்ரைபாட்ல, ஒன்றரை மீட்டர், 1.4, ஒன் ஷாட், நடு புள்ளி மட்டும், ரெண்டு செகண்ட் டைமர். இப்ப ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி ஃபோகஸ் ரிங்க கையால இன்ஃபினிட்டிக்கு (ரொம்ப தூரத்துக்கான கடைசி முனை) கொண்டு போயிட்டு அப்புறம் ஃபோகஸ் பண்ண விடு. பத்து எடு. அடுத்த பத்துக்கு ரிங்க கிட்டக்க கடைசி வரைக்கும் கொண்டு வந்துட்டு எடு. ரெண்டு பத்தையும் கலக்காத, தனித்தனி போல்டர்ல போடு. அப்புறம் லைவ் வியூல, அதாவது பின்னாடி ஸ்க்ரீன்ல பாத்து, ஒரு பத்து.

1985ல மினோல்டா 7000 வந்தப்ப ஆட்டோஃபோகஸ்ன்னு நாங்க வாயப் பொளந்து பாத்தோம், கை ஃபோகஸே போதும்னு சொன்னவன்ல நானும் ஒருத்தன். அது கெடக்கு, டெஸ்ட் பண்ணிட்டு வா.

முகூர்த்தகேமரா:
ஐயா பண்ணிட்டேன், ஞாயித்துக்கிழம பூரா இதான் வேலை, அம்மா காலண்டர ஏன் நகட்டுனன்னு சத்தம்.

இன்ஃபினிட்டில இருந்து வந்தது: 10க்கு 9 தேதி மேல கச்சிதம். கிட்டக்க இருந்து போனது: 10க்கு 3தான் சரி. 5 எடுத்தது ஸ்கேல்ல காலண்டருக்கு முன்னாடி நாலஞ்சு சென்டிமீட்டர்ல நிக்குது, ரெண்டு தடவ ஃபோகஸ் ஆச்சுன்னு வர்ற பீப்பே வரல, உர்ர்னு முன்ன பின்ன போயிட்டு நின்னுடுச்சு. லைவ் வியூல மெதுவா ஆச்சு, ஆனா பத்தும் சரி.

டார்க்ரூம்தாத்தா:
அப்ப லென்ஸ் கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. லைவ் வியூ சென்சார்ல விழுற படத்தையே பாத்துப் பாத்து நகட்டும், தடுக்குனாலும் திரும்ப முயற்சி பண்ணி சேந்துடும், அதான் லேட்டானாலும் சரியா வருது. கண்ண வெச்சுப் பாக்குற வ்யூஃபைண்டர் வழி வேற. கேமராக்குள்ள முகம் பாக்குற மாதிரி ஒரு பெரிய கண்ணாடி, அதுக்குப் பின்னாடி ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கு, அது வெளிச்சத்த கீழ அடில இருக்குற ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்பும், அது ரெண்டு படம் எவ்ளோ விலகி இருக்குன்னு பாத்து லென்ஸுக்கு இந்தப் பக்கம் இவ்ளோ போன்னு சொல்லும். லென்ஸ் சொன்ன பேச்சு கேட்டாத்தான் சரி. உன் லென்ஸ் இன்ஃபினிட்டில இருந்து வர்றப்ப கேக்குது, கிட்டக்க இருந்து போறப்ப கேக்கல.

உன் லென்ஸ் கிட்டக்க ஃபோகஸ் பண்றப்ப முன்குழாய் வெளிய நீட்டுமா? மேனுவல்ல போட்டு கண்ண மூடிட்டு ரிங்க ஒரு விரலால மெதுவா சுத்திப் பாரு.

முகூர்த்தகேமரா:
ஆமா நீட்டும். சுத்திப் பாத்தேன் ஐயா. 0.6 மீட்டர் தாண்டுற எடத்துல ஒரு சின்ன இது... சைக்கிள் டயர் ஒரு சின்னக் கல்லு மேல ஏறி எறங்குற மாதிரி. உள்ள போறப்பதான் நல்லா தெரியுது. இத்தன நாள் கவனிக்கவே இல்ல.

இன்னொண்ணு இப்பதான் உறைச்சுது. போன மூணு கல்யாணத்து ஃபைல எடுத்து நேர வரிசைல வெச்சுப் பாத்தேன். அவுட் ஆன படத்துக்கு முன்னாடி என்ன எடுத்தேன்னு பாத்தா மோதிரம், மருதாணி கை, தாலிக்கயிறு மஞ்சள், குங்குமச்சிமிழ்... பாதிக்கு மேல எல்லாம் க்ளோஸப்! கிட்டக்க எடுத்துட்டு உடனே மூஞ்சிக்கு வர்றப்பதான் போகுது. ரெண்டு மூணு ஷாட் போனப்புறம் தானா சரியாகுது. இதப் போய் நான் லென்ஸுக்கு மூட் சரியில்லன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

பறவைப்பய:
அடேங்கப்பா. மிரர்லெஸ் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன் (பாதி).

டார்க்ரூம்தாத்தா:
பைல எப்படி வெப்ப தம்பி?

முகூர்த்தகேமரா:
கேமராவோட சேத்து மூஞ்சி கீழ பாக்க குத்திடுவேன் ஐயா, எடம் பத்தாது. ரிங் எங்க இருந்துச்சோ அப்படியே.

டார்க்ரூம்தாத்தா:
அதான் விஷயம். குழாய் நீட்டிட்டு இருக்க, பாடியோட கனம் முழுக்க அது மேல. பைக்ல ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் ஒரு குத்து. உள்ள குழாய் ஓடுற வளையத்துல துளி வளைஞ்சிருக்கும், மோட்டாரும் சின்னது, அந்த மேட்ட தாண்ட தெம்பு இருக்காது. நீ வாங்குறதுக்கு முன்னாடியே கூட யாரோ இடிச்சிருக்கலாம். இது சாஃப்ட்வேர்ல சரியாகாது, பிரிச்சுத்தான் ஆகணும். யூடியூப் பாத்து நீயே பிரிக்காத, உள்ள லென்ஸ் கண்ணாடி சாஞ்சிடுச்சுன்னா ஒரு பக்கம் ஷார்ப் ஒரு பக்கம் மொத்தமா போயிடும்.

ஓரக்கண்:
அது வரைக்கும் ஒரு வழி: க்ளோஸப் எடுத்த உடனே தூரத்துல மண்டபத்து வாசல் மாதிரி எதாச்சும் மேல ஒரு தடவ ஃபோகஸ் பண்ணிட்டு அப்புறம் ஆளுக்கு வாங்க. முடிஞ்சா க்ளோஸப் பக்கமே இந்த லென்ஸ்ல போகாதீங்க. 2.8ல வெச்சா சின்ன தப்பு மறையும், லைட் பத்தாதுதான்.

முகூர்த்தகேமரா:
மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க, சீசன். மதுரைல ஒரு மெக்கானிக்கிட்ட குடுத்தேன், அவரும் கைல வாங்கி ஒரு சுத்து சுத்துனாரு, "கீழ போட்டியா, குத்தி வெச்சியா"ன்னுதான் முதல் கேள்வி. வளையத்துல ஒரு எடம் அமுங்கி இருந்துச்சாம், 2,800 ஆச்சு. காலண்டர் டெஸ்ட்ட திரும்பப் பண்ணேன், ரெண்டு பக்கமும் 10க்கு 9. மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் 0லயே இருக்கு.

இப்ப ஷூட் முடிஞ்சதும் இன்ஃபினிட்டிக்கு கொண்டு வந்து குழாய உள்ள இழுத்துட்டுத்தான் பைல, அதுவும் படுக்க வெச்சு. லென்ஸ் முன்னாடி மாட்டுற மறைப்பு, ஹூட், வாங்கலாம்னு இருக்கேன், அது முன்குழாய்ல மாட்டுமா வெளி உடம்புல மாட்டுமா?

டார்க்ரூம்தாத்தா:
வெளி உடம்புல மாட்டுறது பாத்து வாங்கு. முன்குழாய்ல திருகுறது வாங்குனா இடி திரும்ப அங்கதான் போகும்.