ரேச்சல் கார்சன் டிடிடியை முழுசாகத் தடை செய்யச் சொன்னாரா?

கேள்வி:
‘மௌன வசந்தம்’ எழுதிய கார்சனால்தான் டிடிடி (DDT) என்ற பூச்சிக்கொல்லி மருந்து போய் மலேரியா பெருகியது என்று ஒருவர் அடித்துப் பேசுகிறார். உண்மையா? அந்தப் புத்தகத்தை நான் இன்னும் படிக்கவில்லை.

பதில் 1:
இல்லை. ரசாயனப் பூச்சிக்கொல்லிகளை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது என்பது என் வாதமல்ல என்று புத்தகத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறார். பின்விளைவு தெரியாமல் கண்மூடித்தனமாகத் தெளிப்பதைத்தான் எதிர்த்தார். கண்டபடி தெளித்தால் பூச்சிகளுக்கு எதிர்ப்புத்திறன் வந்துவிடும், அப்புறம் நோயைத் தடுக்கவும் மருந்து உதவாது என்பதும் அவர் வாதம்தான். அமெரிக்காவில் தடை வந்தது 1972-இல், அவர் இறந்தது 1964-இல். அந்தத் தடையிலும் பொதுச் சுகாதாரத் தேவைக்கு விலக்கு இருந்தது.

பதில் 2:
கலிபோர்னியாவின் கிளியர் ஏரி பற்றிய பகுதியை மட்டுமாவது படியுங்கள். கொசு மாதிரியான ஒரு சிறு பூச்சியை ஒழிக்க, டிடிடியின் (DDT) உறவுக்கார மருந்தான DDD-யை மிகக் குறைந்த அளவில் நீரில் கலந்தார்கள். அது நுண்ணுயிர், மீன் என்று படிப்படியாகச் சேர்ந்து, மீன் தின்ற முக்குளிப்பான்களின் கொழுப்பில் பத்து லட்சத்தில் 1,600 பங்கு வரை ஏறியது. பறவைகள் செத்தன.

பதில் 3:
அவர் அடிப்படையில் கடல் உயிரியலாளர், அரசு மீன்வளத் துறையில் வேலை பார்த்தவர். 1962-இல் இந்தப் புத்தகம் வந்தபோது மார்பகப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார், அதை வெளியே சொல்லவே இல்லை. ரசாயன நிறுவனங்கள் பாய்ந்தன, ஆனால் 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு அறிக்கை பெரும்பாலும் அவர் பக்கமே நின்றது.

கேள்வி கேட்டவர்:
சரி, நன்றி. ஏரிப் பகுதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.